வாத்தியம் வேண்டாம் என்று எழுதியவன்

எங்கள் சபையில் வாத்தியம் வாசிக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு ஒரு சனிக்கிழமை பிற்பகலில் முடிவு கட்டினோம். சபைக் கமிட்டிக்கு நான்தான் காரியதரிசி. ஆகையால் முடிவை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதியவனும் நான்தான். 'தேவ ஆராதனையில் வாத்தியங்களுக்கு இடமில்லை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். இன்று யாராவது அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்தால், பக்தியுள்ள ஐந்து பேர் வேதத்தைப் புரட்டிப் பார்த்து, ஜெபம் பண்ணி, இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

பிரிக்பீல்ட்ஸில் அந்த நாளில் எந்தக் கதவைத் தட்டினாலும் இரயில்வேக்காரர்தான் வந்து திறப்பார். நான் இரயில் பட்டறையின் ஸ்டோரில் கிராணி. எழுத்து வேலை பார்ப்பவனுக்கு மலாய் நாட்டில் அதுதான் பெயர். நாலு பேர் ஐயா என்று கூப்பிடும் மரியாதையும், அதனால் வரும் தலைக்கனமும் எனக்குக் குறைவில்லாமல் இருந்தன. நான் பிறந்தது தைப்பிங்கில். அப்பாவின் ஊர் திருநெல்வேலிச் சீமையில் எங்கேயோ இருந்தது. அதை நான் பார்த்ததில்லை. அந்த ஊரின் குளத்தைப் பற்றியும் மாம்பழத்தைப் பற்றியும் அப்பா சொல்லியிருக்கிறார். மற்றதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் ஆலயம் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு நீளக் கொட்டகை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வாத்தியம் என்று ஒன்றும் கிடையாது. ஆராதனையை நடத்தும் உபதேசியார் பாட்டை எடுத்துக் கொடுப்பார், சபை பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொள்ளும் என்று நான் சொல்வது மரியாதைக்காக. ஆண்கள் ஒரு சுருதியில் பிடிப்பார்கள். பெண்கள் சற்றுப் பொறுத்து வேறொரு சுருதியில் பிடிப்பார்கள். பின் வரிசைப் பெரியவர்கள் போன வாரத்துப் பாட்டையே இன்னும் முடிக்காதவர்கள் மாதிரி இழுப்பார்கள். எந்தப் பாட்டும் ஆரம்பித்த இடத்தில் முடிந்ததில்லை. மூன்றாவது சரணத்துக்குள் எல்லாரும் கிணற்றுக்குள் இறங்கியிருப்போம். மழை வந்துவிட்டால் தகரக் கூரை வாசிக்கத் தொடங்கும், அதற்குப் பிறகு யார் எந்தச் சுருதியில் பாடினாலும் ஒன்றுதான். கூரை வாத்தியமா இல்லையா என்று கமிட்டி விசாரித்ததில்லை.

உபதேசியார் வயதானவர், நேர்மையானவர், மூச்சிரைப்புக்காரர். அவருக்கு வாத்தியம் ஆகாது. ஆர்மோனியத்தை அவர் ஊரில் நாடகக் கொட்டகையில் பார்த்திருக்கிறார். ராஜா வேஷக்காரன் வாயைத் திறப்பதற்கு முன்பே பெட்டி கத்த ஆரம்பித்துவிடும் என்பார். இங்கேயும் கப்பலில் நாடகக் கம்பெனிகள் வந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆலயத்தில் பெட்டியை வைத்தால் அடுத்த வாரம் திரையும் கட்டச் சொல்வீர்கள் என்று எங்களைத் திட்டுவார். ஆனால் அவருடைய உண்மையான காரணம் வேறு. அதை என்னிடம் ஒரு முறை பொறுமையாகச் சொன்னார்.

"ஒருத்தன் வாசிச்சா மத்தவன் கேப்பான், கிராணியாரே. கேக்கிறவன் பாட மாட்டான். ஆராதனைக்கு வாரது கேக்கவா, பாடவா? நீரே சொல்லும்."

"பழைய ஏற்பாட்டுல ராஜாவே வாத்தியங்களோட ஆடிப் பாடியிருக்காரே?" என்றேன்.

"அவரு ராஜா. ஆடுவாரு. நீரும் ஆடுவீரோ?"

எனக்கு ஆட வராது என்பதால் பேச்சு அதோடு நின்றது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதை அப்போதே உணர்ந்தேன். வெள்ளைக்காரர்களின் ஆலயத்தில் பெரிய ஆர்கன் முழங்கும்போது பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் சபையில் எல்லாரும் தப்பாகப் பாடினோம், ஆனால் எல்லாரும் பாடினோம்.

எதிர்க்கட்சிக்குத் தலைவர் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் மருந்து கலந்து கொடுப்பதும் அவர் வேலை. கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு அணிவார். பாதி இங்கிலீஷில் பேசுவார். கமிட்டியில் அவர் தொண்டையைச் செருமினாலே மற்றவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவருக்கு ஓர் ஆர்மோனியம் வேண்டும். சிங்கப்பூர்க் கடை ஒன்றின் விளம்பரத் தாளில் வந்த படத்தைக் கத்தரித்துக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார். துரைமார்கள் ஒரு நாள் நம் ஆராதனைக்கு வந்தால் தலைகுனிய வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். துரைமார்கள் யாரும் வந்ததில்லை, வருவதாகவும் இல்லை.

நான் இரண்டிலும் சேராதவன். நாம் பாடுவது நம் ராகத்தில், நம் தாளத்தில் கட்டின கீர்த்தனைகள். அதற்கு வெள்ளைக்காரன் பெட்டி எதற்கு, நம் கொட்டு ஏன் ஆகாது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் கிறிஸ்துமஸ் நாளில் மத்தளமும் ஜால்ராவுமாக, கூலிகள் குடியிருக்கும் லயம் லயமாகப் பாடிப் போவார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து எங்கள் சபையின் இழுவையைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். புதிதாகப் பேசுகிறோம் என்ற பெருமையும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. கொட்டுக்கு ஆள் யார் என்று கேட்டால்தான் எனக்குப் பதில் இருக்காது.

பதில் எங்கள் ஆலயத்து மரத்தடியிலேயே இருந்தது. எங்களுக்கு மணி வாங்க வசதியில்லை. ஸ்டோரில் கழித்துப் போட்ட தண்டவாளத் துண்டு ஒன்றை நான்தான் துரையிடம் கேட்டு வாங்கி வந்து, வாசல் மரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டேன். அதை ஒரு பெரிய போல்ட்டால் அடித்து ஆராதனைக்குக் கூப்பிடுவது மேஸ்திரியின் வேலை. பாதை பழுது பார்க்கும் கூலிக் கூட்டம் ஒன்றுக்கு மேஸ்திரி அவர். உயரமானவர், பேச்சுக் குறைவு. மனைவி இறந்துவிட்டாள், ஒரே மகள்.

மேஸ்திரி பன்னிரண்டு அடி அடிப்பார். நிதானமாக, கனமாக. பன்னிரண்டாவது அடி காற்றில் கரைவதற்குள் போல்ட்டின் முனையால் தண்டவாளத்தின் ஓரத்தில் ஐந்தாறு சின்னத் தட்டுகள் தட்டுவார். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தட்டைக் கேட்டதும் சாலையில் வருகிறவர்களின் நடை மாறும். சோம்பேறித்தனமாக வந்தவன் வேகம் பிடிப்பான். பிள்ளைகள் அதை வாயால் சொல்லிக்கொண்டே ஓடி வருவார்கள். சபையில் தாளத்துக்குத் தகுந்தபடி நடந்த ஒரே காரியம் அந்த மணிதான் என்று வேடிக்கையாகச் சொல்வேன். உபதேசியாரும் அதை வாத்தியம் என்று நினைக்கவில்லை. இரும்பு இரும்புதானே.

மகள் மிஷன் பெண்கள் பள்ளியில் படித்தவள். இங்கிலீஷ் வாசிப்பாள், ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். பெண்கள் பக்கத்தில் ஆரம்பித்த சுருதியிலேயே நிற்கும் குரல் அவளுடையது ஒன்றுதான். டிரெஸ்ஸரின் மகன் தபாலாபீஸில் வேலையாக இருந்தான். அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னது அந்தப் பையனே. டிரெஸ்ஸர் சம்மதிக்க ஆறு மாதம் ஆயிற்று.

அந்த ஆறு மாதமும் எதற்கு என்று சொல்ல வேண்டும். கிறிஸ்தவன் ஜாதி கேட்பது அழகல்ல. அதனால் எங்களில் யாரும் அதைக் கேட்பதில்லை. "எந்த ஊர்?" என்றுதான் கேட்போம். ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" என்போம். தெருவைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்காது. எந்த ஊர் என்று யார் கேட்டாலும் மேஸ்திரி பாளையங்கோட்டை என்பார். பெரிய ஊர். அங்கே யாருடைய தெருவையும் லேசில் தேடிப் பிடிக்க முடியாது. டிரெஸ்ஸர் தேடவில்லை. பையன் பிடிவாதமாக இருந்தான், பெண் படித்தவள், ஆகவே தேடாமல் இருப்பது என்று அவர் ஆறு மாதம் யோசித்து முடிவு செய்திருந்தார். இது இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது புரிந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று உபதேசியார் சபை நடுவில் வாசிப்பார். மூன்றும் வாசித்தாகிவிட்டால் கல்யாணம் உறுதி. முதல் ஓலை வாசித்த அன்று பெண்கள் பக்கம் ஒரே கிசுகிசுப்பு. இரண்டாம் ஓலையன்று மேஸ்திரி புதுச் சட்டை போட்டிருந்தார். அன்றைக்கு அவர் அடித்த மணியில் அந்தக் கடைசித் தட்டு வழக்கத்தைவிட நீளமாக, ஒரு சுற்றுச் சுற்றி வந்து முடிந்தது. நான் மரத்தடியிலேயே நின்றுவிட்டேன்.

"மேஸ்திரி, இத எங்க கத்துக்கிட்டீங்க?"

"எது ஐயா?"

"கடைசியில ஒரு தட்டு தட்டுறீங்களே, அது."

அவர் கையிலிருந்த போல்ட்டைப் பார்த்தார். "கை பழக்கம்."

"கை சும்மா பழகாது."

அவர் சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. சந்தோஷத்தில் இருக்கிற மனிதனுக்கு எச்சரிக்கை குறைந்துவிடும். "எங்கப்பா தப்பு அடிப்பாரு. தாத்தாவும் அடிச்சவரு. நானும் பதினஞ்சு வயசு வரைக்கும் அடிச்சேன். அதெல்லாம் கப்பல் ஏர்றப்பவே அங்க விட்டாச்சுங்க."

"கை விடலையே?"

சிரித்துவிட்டார். "கைக்குத் தெரியாதுல்ல, ஐயா."

"சபையில வாசிக்கிறதா இருந்தா வாசிப்பீங்களா?"

"தொடவே மாட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போதும் சிரிப்பு போகவில்லை. ஆகையால் நான் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். கச்சேரிக்காரர்கள் முதலில் மாட்டேன் என்றுதான் சொல்வார்கள், இரண்டு பேர் கேட்டால் உட்கார்ந்துவிடுவார்கள் என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

தப்பு என்கிற பறை எப்படிப்பட்டது, அதை ஊரில் யார் அடிப்பார்கள், யார் வீட்டுச் சாவுக்கு யார் போய் அடிக்க வேண்டும், அடித்தவர்கள் எந்த வாசல் வரைக்கும் வரலாம் என்பதெல்லாம் தைப்பிங்கில் பிறந்த எனக்குத் தெரியாது என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். முழுப் பொய் இல்லை. ஆனால் சுத்தமாகத் தெரியாதவன் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டில் வந்து மனைவியிடம் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை கமிட்டி கூடியது. உபதேசியார், டிரெஸ்ஸர், நான், ஒரு கடைக்காரர், ஒரு வாத்தியார். கடைக்காரரும் வாத்தியாரும் டிரெஸ்ஸர் கை தூக்கினால் தூக்குவார்கள். டிரெஸ்ஸர் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்து ஆர்மோனியத்தின் அருமைகளைச் சொன்னார். உபதேசியார் மூச்சு வாங்க வாங்க மறுத்தார். ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. உபதேசியார் தோற்கப்போகிறார் என்று தெரிந்தது. அப்போது நான் எழுந்தேன்.

பெட்டி வேண்டாம், கொட்டு வேண்டும் என்று ஆரம்பித்தேன். நன்றாகவே பேசினேன். வேதத்தில் தம்புரும் தாளமும் வருகிற இடங்களை எல்லாம் அடுக்கினேன். மத்தளம் அடிக்கிறவன் பாடவும் செய்வான், மற்றவர்களையும் பாட வைப்பான், ஆகையால் உபதேசியாரின் ஆட்சேபத்துக்கும் அதில் பதில் இருக்கிறது என்று சொன்னேன். உபதேசியார்கூட நிமிர்ந்து கேட்டார். டிரெஸ்ஸர் புன்னகையோடு, "வெரி குட், மிஸ்டர் செக்ரட்டரி. ஆனா அடிக்கிறதுக்கு ஆள் யாரு?" என்றார்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். "ஆள் நம்மகிட்டயே இருக்காரு. நம்ம மேஸ்திரி. அவங்க வீட்டுல அப்பா, தாத்தா எல்லாரும் தப்பு அடிச்சவங்க. பரம்பரையா வந்த கை" என்றேன். 'பரம்பரையா' என்பதை ரொம்பப் பெருமையாகச் சொன்னேன்.

வெளியே ஒரு ரிக்‌ஷா போகிற சத்தம் கேட்டது. வாத்தியார் தன் விரல் நகங்களைப் பார்க்கத் தொடங்கினார். கடைக்காரர் டிரெஸ்ஸரைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். டிரெஸ்ஸரின் புன்னகை முகத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது, மறுநாள் மூன்றாவது. நான் ஒரு மனிதருடைய தெருவின் பெயரை, சம்பந்தி வீட்டார் காது கேட்க, சாட்சிகளோடு சொல்லிவிட்டேன்.

"நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று ஆரம்பித்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

டிரெஸ்ஸர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். மேஜைமேல் இருந்த ஆர்மோனியப் படத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு உபதேசியார் பக்கம் திரும்பி, தான் இன்னொரு தடவை யோசித்துப் பார்த்ததாகவும், ஆராதனையில் எந்த வாத்தியமும் வேண்டாம் என்று உபதேசியார் சொல்வதே வேதத்துக்கு ஒத்தது என்றும் சொன்னார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. கொட்டு வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஏன் என்று பேச வேண்டியிருக்கும். எதுவுமே வேண்டாம் என்றால் பேச ஒன்றும் இல்லை. கை தூக்கினார். கடைக்காரரும் வாத்தியாரும் தூக்கினார்கள். உபதேசியார் குழப்பத்தோடு தூக்கினார். என் கையும் மேலே போயிற்று. ஏகமனது என்று நான் எழுதியதில் பொய் இல்லை.

மறுநாள் மேஸ்திரி அதே புதுச் சட்டையோடு வந்து மணி அடித்தார். அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கடைசித் தட்டு முழுசாக வந்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போய் அவரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எழப் பார்த்தேன், இரண்டு முறையும் உட்கார்ந்துகொண்டேன்.

ஓலை வாசிக்கும் நேரம் வந்தது. உபதேசியார் கையில் அந்தத் தாள் இருந்தது. டிரெஸ்ஸரைப் பார்த்தார். டிரெஸ்ஸர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உபதேசியார் தாளை இரண்டாக மடித்து வேத புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, "பாட்டுப் பாடுவோம்" என்றார். சபையில் எத்தனை தலைகள் உண்டோ அத்தனையும் ஒரு முறை மேஸ்திரி பக்கம் திரும்பின, பிறகு ஒரு முறை அவர் மகள் பக்கம் திரும்பின. உபதேசியார் எடுத்துக் கொடுத்தார். ஆண்கள் பிடித்தார்கள். பெண்கள் பக்கத்தில் அந்த ஒரு குரல் மட்டும் வரவில்லை. இரண்டாவது சரணத்திலேயே பாட்டு கிணற்றுக்குள் போய்விட்டது.

மகனைச் சிங்கப்பூருக்கு மாற்றுகிறார்கள், கல்யாணம் இப்போதைக்கு முடியாது என்று டிரெஸ்ஸர் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பையன் போகத்தான் செய்தான். அவன் ஏன் எதிர்த்து நிற்கவில்லை என்று எனக்குக் கோபம் வரும். அவன் அப்பாவோடு ஒரே மேஜையில் இருந்தும் நானே எதிர்த்து நிற்கவில்லை என்பது ஞாபகம் வந்ததும் கோபம் அடங்கிவிடும்.

மேஸ்திரி அடுத்த இரண்டு மூன்று வாரம் மணி அடித்தார். பன்னிரண்டு அடி, அவ்வளவுதான். பிறகு கிள்ளான் பாதைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். போவதற்கு முன்னால் மண்வெட்டிகளை ஒப்படைக்க ஸ்டோருக்கு வந்தார். என் மேஜைக்கு முன்னால் நின்று, "ஐயா" என்றார். எனக்கு அவரிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று உள்ளே போனேன். திரும்பி வந்தபோது மண்வெட்டிகள் சுவரோரமாக வரிசையாகச் சாத்தியிருந்தன, அவர் போயிருந்தார்.

உபதேசியார் அதற்குப் பிறகு வாத்தியத்தைத் திட்டிப் பேசவே இல்லை. உடம்பு முடியாமல் ஊருக்குக் கப்பல் ஏறும் முன் என்னிடம் சொன்னார். "நான் கேட்டது கெடைச்சுது, கிராணியாரே. ஆனா என் பேச்சைக் கேட்டு ஒருத்தனும் கை தூக்கலை. அது எனக்குத் தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்த ஓலைய நான் வாசிச்சிருக்கணும்" என்றார். ஏன் வாசிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஏழெட்டு வருடம் கழித்து டிரெஸ்ஸர் மறுபடியும் ஆர்மோனியம் பேச்சை எடுத்தார். வாங்கிக் கொடுப்பதும் தானே என்றார். பழைய தீர்மானம் ஒன்று இருக்கிறதே என்று புதிதாக வந்த உபதேசியார் கேட்டார். நான் புத்தகத்தைத் திறந்து அந்த வரியை வாசித்தேன். டிரெஸ்ஸர் என்னைப் பார்க்காமல், "காலம் மாறுது, மிஸ்டர் செக்ரட்டரி" என்றார். ஐந்து நிமிடத்தில் கைகள் எழுந்தன. ஆராதனையில் வாத்தியம் ஏற்றது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். வேதத்தை யாரும் புரட்டவில்லை. அதையும் நான்தான் எழுதினேன், அதே கையெழுத்தில்.

அந்த வாரம் எனக்கு வேலையில் மனம் செல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். ஆர்மோனியம் வைக்கும் நாளைக்கு மேஸ்திரியை அழைக்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையில் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு போனேன். வழி முழுக்க இரயில் சத்தத்தில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பாதைக் கூலிகளின் லயத்தில் கடைசி வீடு. மேஸ்திரி முடி நரைத்து, கொஞ்சம் வளைந்து போயிருந்தார். "வாங்க ஐயா" என்று பாய் எடுத்துப் போட்டார். மகள் உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து வைத்தாள். பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள் என்று சொன்னார். வயது முப்பதை நெருங்கியிருக்கும். கழுத்தில் தாலி இல்லை. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"சபையில ஆர்மோனியம் வருது, மேஸ்திரி" என்றேன்.

"அப்படிங்களா. யாரு குடுக்கிறது?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் கசப்பு இருந்ததா என்று நான் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். இல்லை என்றே நினைக்கிறேன்.

"நல்லதுதானுங்க" என்றார். "பொட்டிய யாரும் எந்த ஊருன்னு கேக்க மாட்டாங்க."

"மேஸ்திரி, அன்னைக்கு நான் கமிட்டியில..." என்று தொடங்கினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் அதற்குமேல் வரவில்லை.

"மணி அடிக்க நேரமாச்சுங்க" என்று அவர் எழுந்தார். "ஆராதனைக்கு இருந்துட்டுப் போங்க."

அவர் வெளியே போனதும் மகள் காப்பிக் கோப்பையை எடுக்க வந்தாள். நான் குடித்திருக்கவில்லை. "நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னீங்கன்னு அப்பா சொல்லுவாரு" என்றாள்.

"நீ என்னம்மா நெனைக்கிற?"

"நான் அதப் பத்திப் பேசுறதில்லைங்க." கோப்பையை எடுத்துக்கொண்டு கதவோரமாக நின்றாள்.

லயத்துக்கு எதிரே தளவாடக் கொட்டகையில்தான் அவர்களுடைய ஆராதனை. வாசலில் ஒரு மரம், அதில் ஒரு தண்டவாளத் துண்டு. எங்கள் ஊரில் தொங்கியதைவிடச் சின்னது. மேஸ்திரி போல்ட்டை எடுத்தார். முதல் அடி விழுந்தது. லயத்திலிருந்து ஆட்கள் மெதுவாக வரத் தொடங்கினார்கள். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ஒரே இடைவெளி, பட்டறையில் இயந்திரம் அடிப்பது மாதிரி. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மகள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது அடி விழுந்து, அதன் சத்தம் நீண்டு மெலிந்தது. நான் அந்தக் கடைசித் தட்டுக்குக் காத்திருந்தேன். சத்தம் முழுக்கக் கரைந்துபோயிற்று.

அவர் போல்ட்டை மரத்தின் இடுக்கில் செருகிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். இத்தனை வருடத்தில் கைக்கும் தெரிந்துவிட்டிருந்தது.